மீதியான துணிக்கைகள்

(ஆலய அசனப் பண்டிகையின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இன்று மதியம் அசனப் பந்தி, அதாவது நாம் எல்லாரும் கூடி உண்ட சபை விருந்து, முடிந்த பிறகு சமையல் கொட்டகைப் பக்கம் போயிருந்தேன். அண்டாவில் மீதமிருந்த சோற்றை இரண்டு அக்காமார் அகப்பையால் வழித்துத் தூக்குவாளிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாளியின் காதிலும் ஒரு காகிதத்துண்டு, அதில் ஒரு வீட்டுப் பெயர். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவர்கள், பந்திக்கு வரமுடியாத மற்றவர்கள். வாளிகள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும், இன்று பேச வேறொன்று எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஐந்து வாற்கோதுமை அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷிக்கிறார். எல்லாரும் திருப்தியான பிறகு, ஒன்றும் சேதமாகாதபடி மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். அந்தக் கட்டளை என்னை வெகுகாலம் யோசிக்க வைத்தது. ஐந்து அப்பத்தை அத்தனை பேருக்குப் பெருக்கத் தெரிந்தவருக்குத் துணிக்கை எதற்கு? அவர் நினைத்தால் நாளைக்கும் புதிதாகத் தருவார். ஆனாலும், புல்லில் சிந்திக் கிடந்ததைக் குனிந்து பொறுக்கச் சொல்கிறார். பன்னிரண்டு கூடை நிறைகிறது.

நம்மில் பலர் நம் வாழ்க்கையின் சில ஆண்டுகளைச் சிந்திப்போனதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். படித்த படிப்புக்கு வேலை இல்லை. கற்ற தொழில் அழிந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு யாரும் தேடி வருவதில்லை. நானும் அப்படி எண்ணியவள்தான்.

நான் 22 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன். காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. லோயர், ஹையர் தேர்வுகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளைத் தயார் செய்தேன். கம்ப்யூட்டர் வந்தது, பிள்ளைகள் குறைந்தார்கள், ஒருநாள் மூடினேன். 14 இயந்திரங்களையும் பழைய இரும்பு வாங்குகிறவர் எடைக்கு எடுத்துக்கொண்டார். கடைசி இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது தாளைத் தாங்கி நகர்கிற அதன் மேல்பாகம் தானாக ஓடி, வரி முடிகிற இடத்தில் அடிக்கிற அந்தச் சின்ன மணி அடித்தது. வாசலில் நின்று அழுதேன். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், "சும்மாதான் இருக்கிறேன்" என்பேன். அந்தச் சொல் வாயில் கசக்கும்.

அந்த நாட்களில்தான் டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கையைப் படித்தேன். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனெரிகள். படிப்புக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தகப்பனார் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். தகப்பனாரைப்போல மலையில் வீடு கட்டவும் உதவ வேண்டும் என்று மகன் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, ஆண்டுக்கணக்கில். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்தார். பார்க்கிறவர்களுக்கு அந்தக் கட்டட வேலை ஆண்டுகள் எப்படித் தெரிந்திருக்கும்? வீணாகப் போன இளமை என்றுதானே சொல்லியிருப்பார்கள்.

1946இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் கைவிரல்கள் மடங்கி, பறவை நகம்போல இறுகிப்போனவர்களைக் கண்டார். அந்தக் கைகளை அதுவரை யாரும் அறுவைக்கு உரியதாக எண்ணவில்லை. நோயால் சதையே கெட்டுவிட்டது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம். அவர் நின்று பார்த்தார். சதை கெடவில்லை, உணர்வுதான் போயிருக்கிறது. வலி தெரியாததால்தான் காயத்தின்மேல் காயம் பட்டுக் கை அழிகிறது என்று கண்டுகொண்டார். கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் இருந்தன. அவற்றிலிருந்து ஒரு தசைநாணைத் திருப்பி விரல்களுக்குக் கொண்டுவந்து இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்ந்த கைக்கு வேலை கொடுக்க ஊரில் ஆள் இல்லை. மருத்துவமனையை விட்டுப் போனவர்கள், பிச்சைகூடக் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். அப்போது எது உதவியது தெரியுமா? அந்தப் பழைய தச்சு வேலை. அவர்களுக்கென்று ஒரு புதுவாழ்வு மையம் உருவானது. அங்கே டாக்டரே அவர்கள் பக்கத்தில் நின்று உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மரப்பொம்மைகள் செய்தார்கள். எந்தக் கருவியை எப்படிப் பிடித்தால் உணர்வில்லாத விரலில் கொப்புளம் வருகிறது என்பதை அங்கே பார்த்துப் பார்த்துத்தான் கைகளைக் காக்கும் வழிகளையும் அவர் கற்றார். தச்சுப்பட்டறையில் நிற்காத ஒரு டாக்டருக்கு இது தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து, வேலூரில் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று பயிற்சியில் இருந்தவர். 1954இல் ஒரு விபத்து. முகத்தில் ஆழமான தழும்புகள், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மாதக்கணக்கில் படுக்கை. அந்த நாட்களில் அவர் தம்மை யார் என்று எண்ணியிருப்பார்? டாக்டர் என்றா, நோயாளி என்றா?

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். தமிழ்த் தட்டச்சில் நகரா விசை என்று உண்டு. மெய்யெழுத்து அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். அடித்தால் தாளில் புள்ளி விழும், தாள் மட்டும் நகராது. புதிதாக வருகிற பிள்ளைகள் இயந்திரம் கெட்டுவிட்டது என்று பயந்து என்னைக் கூப்பிடுவார்கள். "கெடவில்லை அம்மா, அடுத்த எழுத்தை அடி" என்பேன். எழுத்து வந்து அந்தப் புள்ளிக்குக் கீழே சரியாக உட்காரும். மேரி வர்கீஸின் படுக்கை நாட்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விசைதான் நினைவுக்கு வருகிறது.

கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் அவருக்கு வழி காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார் மேரி. முகம் பாதிக்கப்பட்ட நோயாளிகள் தழும்பேறிய ஒரு முகம் தங்களைக் குனிந்து பார்ப்பதைக் கண்டார்கள். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டு வந்தவர்களுக்கு, அவர்களைப்போலவே நாற்காலியில் இருந்த ஒருவர் தலைமை மருத்துவர். 1972இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

ஒரு கேள்வி எழும் என்று எனக்குத் தெரியும். எல்லாத் துணிக்கையும் இப்படிக் கூடையில் சேர்கிறதா? சில திறமைகள் கடைசிவரை பயன்படாமலே போகின்றனவே, சிலர் படுக்கையிலிருந்து எழுவதே இல்லையே, அவர்களுக்கு மதிப்பு இல்லையா? மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்று ஆண்டவர் கரையேறும்போது, நீர் என் நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன் என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அப்போது அந்தச் சுவிசேஷத்தில் அவர் ஒரு நோயாளியையும் சுகமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. நாசரேத்தில் தச்சனாக இருந்துவிட்டு வந்தவர். பிரியம் முதலில், வேலை பிறகு. இதை நான் புரிந்துகொண்ட அன்றுதான் "சும்மா இருக்கிறேன்" என்ற சொல்லின் கசப்பு போனது. என் இயந்திரங்களின் எடைதான் என் எடை என்று நினைத்திருந்தேன் அல்லவா!

பால் பிராண்டின் தாயார் எவலின் அம்மையாரையும் சொல்லாமல் விடமுடியாது. லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் பயின்றவர். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, தம் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். நடக்கமுடியாதபோது குதிரைமேல் மலைமலையாகப் போனார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் சொல்லியிருக்கிறார். 95 வயதில், 1974இல், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சென்ற ஆண்டு நம் சபைப் போதகர் ஐயர் என்னை அழைத்து, ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். தயங்கிக்கொண்டே உட்கார்ந்தேன். பழைய தட்டச்சு அமைப்பே கணினியிலும் இருந்தது. விரல்கள் என்னைக் கேட்காமலே தம் இடத்துக்குப் போயின. இதுவரை இரண்டு புத்தகம் முடிந்திருக்கிறது.

மூன்றாவது புத்தகத்தில் தடைப்பட்டு நிற்கிறேன். எழுதியவர் கையெழுத்து கூட்டெழுத்தாக ஓடுகிறது, மையும் மங்கிவிட்டது. இங்கே தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன்மார் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறேன். எப்படிப்பட்ட எழுத்தையும் படித்து வீடு தேடிப்போய்க் கொடுத்தவர்கள் நீங்கள். பதிவேட்டு அறை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். மூக்குக்கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.