நூற்றைம்பது நாள் ஏறிய ஒளி

பழைய வேலூர் மாவட்ட மண்ணில் நட்சத்திரக் கதை ஒன்றும் புதிதில்லை. ஆலங்காயம் தாண்டி மலையேறினால் காவலூர். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று காட்டிய 1977-ஆம் ஆண்டு அவதானிப்புகளில் அங்குள்ள வானாய்வகத்துக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உருண்டைகள்) மோதிய சேதி வந்து சேர்ந்தது. முதலில் ஈர்ப்பு அலை, அதாவது வெளியே குலுங்கும் அதிர்வு, அடுத்த 1.7 வினாடியில் காமா கதிர். எல்லோரும் கொண்டாடியது அந்த நாளைத்தான். எனக்கோ அதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிசு.

எக்ஸ் கதிர் தெரிய ஒன்பது நாள் ஆனது, ரேடியோ அலைக்குப் பதினாறு நாள். மோதலில் சிதறிய பொருள் சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் இடிக்கும்போது அதிர்ச்சி அலை எழும், எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளி உமிழும், அதுதான் பின்னொளி. ரேடியோவிலிருந்து எக்ஸ் கதிர் வரை அளந்த பிரகாசம் வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில் பொருந்தியது, அதனால் மூலம் ஒன்றுதான் என்பதில் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். வழக்கமாக மங்கிக்கொண்டே போகும் பின்னொளி, இங்கே ஏறக்குறைய 150 நாள் ஏறிக்கொண்டே இருந்தது! ஏன்? நெடுஞ்சாலையில் பக்கவாட்டில் நிற்பவனுக்கு லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்காது, அதுபோல நம் பார்வைக் கோட்டிலிருந்து சற்று விலகிப் பாய்ந்த ஒரு ஜெட் (குறுகலான கற்றையாக அதிவேகத்தில் பீறிடும் பொருள்), வேகம் குறையக் குறைய அதன் ஒளிக்கூம்பு அகன்று நம் பக்கம் வந்திருக்கலாம். அல்லது ஜெட் வெளியே வராமலே அடங்கிப்போய், அதைச் சுற்றிய சூடான பொருள் மட்டும் நாலாபுறமும் விரிந்திருக்கலாம். இரண்டு கதைக்கும் ஏறுமுகம் ஒன்றேதான். ஒளி ஏறிய அந்த வளைகோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தீர்ப்பைச் சொன்னது இடப்பெயர்ச்சி. தொலைதூர ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 75-ஆம் நாளும் 230-ஆம் நாளும் பார்த்தார்கள். ஒளிப்புள்ளி நகர்ந்திருந்தது, ஒரு டிகிரியில் ஏறக்குறைய 13 லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தொலைவுக்குக் கணக்குப் போட்டால் ஒளியைப் போல நாலு மடங்கு வேகம். பயப்படாதீர்கள், தன் ஒளியையே துரத்திக்கொண்டு வரும் ஜெட் அப்படித் தோன்றும், நிஜ வேகம் ஒளியைவிடச் சற்றுக் குறைவுதான். நாலாபுறமும் விரியும் பொருள் இப்படி நகராது. ஆக, ஜெட் வெளியே வந்தது, நம் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 20 டிகிரி சாய்ந்து. உச்சத்துக்குப் பிறகு ஒளி சரசரவென்று சரிந்ததும் அதோடு ஒத்துப்போனது.

ஈர்ப்பு அலை எவ்வளவு வலுவாகத் தெரியும் என்பது சாய்வையும் பொறுத்தது; அந்தச் சாய்வு தெரிந்ததால் ஈர்ப்பு அலை தரும் தொலைவுக் கணக்கும் துல்லியமானது, அதை வைத்து அண்டம் விரியும் வேகத்தையே இப்போது அளந்து பார்க்கிறார்கள்.