செம்பனை நிழலுக்கு ஏற்ற ஸ்கோப்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் லென்ஸ் வைத்த கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். நில அளவைக்காரரின் லெவல் கருவி, பழைய கேமரா, பறவை பார்ப்பவர்களின் பைனாகுலர் ஆகியவற்றோடு, உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் ஸ்கோப்பும், அதாவது துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியும், என் மேசைக்கு வரும். துப்பாக்கி மட்டும் கடைக்குள் வரக்கூடாது. ஸ்கோப்பைக் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆகவே சுடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அந்தக் கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த ஊரில் துப்பாக்கியை யாரும் விளையாட்டாக நினைப்பதில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கிக்கும்கூட உரிமம் வேண்டும். தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை கொடுக்கும் உரிமம் தனியாகத் தேவை. ஸ்கோப் வாங்கும் எண்ணம் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன்பே போலீஸ் உரிமப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடைக்கு வருபவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணே, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?" லாசா, ஜாலோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டிருக்கும். மட்டைகள் தாழ்ந்து தொங்கும். அந்த நிழலில் 80 மீட்டருக்கு அப்பால் ஒரு பன்றி முழுசாகத் தெரிந்தால் அதுவே அதிசயம். 16 மடங்கு காட்டும் ஸ்கோப்பை அங்கே தூக்கினால், பன்றியின் விலாவில் இருக்கும் மயிர் தெரியும். பன்றி எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரியாது. மடங்கு கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். அதனால் 2 அல்லது 3 மடங்கில் தொடங்கும் ஸ்கோப் போதும். மாறாத 4 மடங்கு ஸ்கோப் பழைய மோஸ்தர் என்று பலர் ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், உள்ளே அசையும் உறுப்பு குறைந்த அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

ஸ்கோப்பின் மேல் 3-9x40 என்று அச்சிட்டிருக்கும். 3 முதல் 9 மடங்கு வரை மாற்றலாம், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அந்த 40ஐ மடங்கால் வகுத்தால் வருவது, கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம். 9 மடங்கில் அது நாலரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 5 மடங்கில் 8 மில்லிமீட்டர். மங்கலில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயதானவருக்கு 5 விரிந்தாலே அதிகம். ஆகவே பொழுது சாயும் நேரத்தில் படம் இருண்டால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்க ஓட வேண்டாம். மடங்கைக் குறையுங்கள், வெளிச்சம் கிடைத்துவிடும். பெரிய லென்ஸ் வைத்தால் ஸ்கோப்பை உயரத்தில் பொருத்த வேண்டும்; கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது; குறி ஆடும்.

லென்ஸின் பூச்சு அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போகிறது. ஸ்கோப்புக்குள் பத்து முகங்கள் இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிடும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சுதான் இதற்கு வழிகாட்டியது. கடையிலேயே நீங்கள் சோதிக்கலாம். குழல் விளக்கின் கீழே முன் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. வெள்ளைவெளேர் என்று பளிச்சிட்டால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரையை அப்படியே பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன.

இப்போது, நான் அதிகம் பேச விரும்பும் இடம். ஸ்கோப் நம்பகமானதா என்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு: குறியை வைத்த இடத்தில் அது நிற்கிறதா? உள்ளே ஒரு சிறு குழாய் இருக்கிறது. மேற்புறத்திலும் பக்கத்திலும் உள்ள திருகுகள் அதை ஒரு பக்கம் தள்ள, எதிரே ஒரு ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கிறது. பன்னிரண்டு போர் (12 bore) குழல் அளவுள்ள துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போட்டால் வரும் உதை தோளுக்கு மட்டுமல்ல, அந்த ஸ்பிரிங்குக்கும் விழுகிறது. மலிவான ஸ்கோப்பில் முதலில் சோர்வது அதுதான். வெளியே ஒரு கீறல் இருக்காது, படமும் தெளிவாக இருக்கும். குண்டு மட்டும் இன்று ஓரிடம், நாளை ஓரிடம் போகும்.

இதைச் சோதிக்க ஒரு தோட்டாவும் வேண்டாம். நான் ஸ்கோப்பைக் கனமான இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கி, 25 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டிவைப்பேன். ஒரு நிமிடக் கோணத்தின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கால் பங்கு என்ற அளவில் கிளிக் செய்யும் ஸ்கோப்பில், 40 கிளிக் மேலே திருப்பினால் குறுக்குக் கோடு அந்தத் தாளில் 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். பிறகு வலப்பக்கம் 40, கீழே 40, இடப்பக்கம் 40. சதுரத்தைச் சுற்றிவந்து, கிளம்பிய புள்ளியிலேயே நிற்க வேண்டும். நல்ல ஸ்கோப் நிற்கும். மட்டமானது ஒரு மூலையில் தயங்கும். திருகின் தலையை ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால்தான் மிச்ச தூரத்தைக் கடக்கும். தட்டினால் நகரும் ஸ்கோப், துப்பாக்கி உதைத்தாலும் நகரும். அதே பிடியில் வைத்தபடியே மடங்கு வளையத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்குக் கோட்டின் நடு, புள்ளியை விட்டு விலகினால் அதை வாங்க வேண்டாம்.

குறி தவறுகிறது என்று சொல்லிக் கொண்டுவரும் எல்லா ஸ்கோப்பும் கெட்டுப்போனது அல்ல. பெரும்பாலும் குற்றவாளி, அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் வளையம்தான். குழாயின் மேல் நீளவாட்டில் ஒரு பளபளப்பான கோடு விழுந்திருக்கும். வளையத்துக்குள் ஸ்கோப் வழுக்கியதற்கு அதுதான் சாட்சி. திருகைத் தளர விடுபவர் ஒரு ரகம்; பலங்கொண்ட மட்டும் முறுக்கிக் குழாயையே நசுக்கிவிடுபவர் இன்னொரு ரகம். முறுக்கு அளவு காட்டும் திருப்புளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வளையத் திருகுகளுக்கு இரண்டு நியூட்டன் மீட்டருக்குள்ளேயே போதும், தயாரிப்பாளர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். ஸ்கோப்புக்குப் போட்ட பணத்தில் கஞ்சத்தனம் பண்ணினாலும் வளையத்தில் பண்ணக்கூடாது என்பது என் கட்சி. பொருத்தும்போது கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 9 சென்டிமீட்டர் அளவாவது இடைவெளி விடுங்கள். துப்பாக்கி உதைத்து ஸ்கோப் இடித்ததால் புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு என் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேச்சு முழுமையாகாது. 1947இல் லியூபோல்ட் நிறுவனம் உள்ளே நைட்ரஜன் அடைத்துப் பனி படியாத ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. இன்று நல்ல ஸ்கோப் எல்லாவற்றிலும் நைட்ரஜனோ ஆர்கானோ உண்டு. குளிர்சாதன அறையிலிருந்து விடியற்காலையில் வெளியே எடுத்தால் லென்ஸின் வெளிப்பக்கம் ஆவி படிவது இயல்பு, துடைத்தால் போய்விடும். உள்பக்கம் படிந்தால் ரப்பர் வளையம் விட்டுப்போய்விட்டது என்று பொருள். நீர் புகாது என்று உத்தரவாதம் கொடுத்த ஸ்கோப்பை, திருகு மூடிகளை இறுக்கிவிட்டுக் கை பொறுக்கும் வெந்நீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினால் ரசீதோடு கடைக்காரரிடம் போங்கள்.

இன்னொன்று, மறக்காமல் சொல்ல வேண்டியது. ஸ்கோப்பால் தேடாதீர்கள். ஸ்கோப் பார்க்கும் திசையில்தான் துப்பாக்கி வாயும் இருக்கிறது. மட்டைக்கு அப்பால் அசைவது பழம் வெட்டுபவராக இருக்கலாம், கீரை பறிக்க வந்த அம்மாவாக இருக்கலாம். தேடுவதற்கு ஒரு சாதாரண பைனாகுலர் கழுத்தில் தொங்கட்டும். பன்றிதான், பின்னால் ஆள் இல்லை என்று உறுதியான பிறகே துப்பாக்கியைத் தூக்குங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கோப்பைத் தோல் உறைக்குள் போட்டு மூடிவைக்காதீர்கள், தோல் ஈரத்தை விடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். மாதம் ஒரு முறையாவது பின்புறமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தொடக்கத்தில் கொண்டுவந்தால் துடைத்துத் தர முடியும். பூச்சை அரித்த பிறகு கொண்டுவந்தால், லென்ஸையே மாற்ற வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தச் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். நன்றி, வணக்கம்.