கடலில் எடுத்தாலும் அளந்து எடு

தலைமை தாங்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிண்ணியாவிலிருந்து மழையையும் பாராமல் வந்திருக்கும் மௌலவி அவர்களே, பிரதேச செயலக உத்தியோகத்தர்களே, பின்வரிசையில் நிற்கும் மூதூர்த் தம்பிமாரே, கருவாடு போடும் வேலையை நிறுத்திவிட்டு வந்த தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். வாடை எழும்பி வள்ளங்கள் கரையேறிய நேரத்தில் கூட்டம் வைத்த செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விடயம் பேச வந்தேன். மீன் வளர்ப்பு, கடல் மீனைத் திரும்பப் பெருக்குவது, பிடித்த மீனுக்கு விலை. மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் கிடக்கிறது: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

முதலில் வளர்ப்பு. 2022இல் உலகம் முழுவதும் வளர்த்தெடுத்த மீன், இறால், சிப்பியின் அளவு, பிடித்த அளவை முதல் தடவையாகத் தாண்டிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் வலைக்கூட்டில் வளரும் கொடுவா மீனுக்குத் தீனி எது? மீன் தூள். ஒரு கிலோ மீன் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை மீன் வேண்டும். எங்கள் சூடையும் நெத்தலியும் போன்ற சிறுமீன்தான் உலகெங்கும் அப்படி அரைபடுகிறது. தீனியை அளக்காமல் கொட்டினால் அடியில் தேங்கி அழுகும், தண்ணீரில் பிராணவாயு குறையும். புத்தளத்தில் 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒரே தண்ணீரை நெருக்கமாகப் பங்குபோட்ட இறால் பண்ணைகள் அடுத்தடுத்து விழுந்தன. பாசி தின்னும் பாலை மீன், தீனியே கேட்காத மட்டியும் கடற்பாசியும், இவற்றில் தொடங்குங்கள் என்பேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

சரி, இப்போது என் பெரியப்பாவின் கதை. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் தூண்டில் போட்டவர். அவருடைய வள்ளத்தில் இரண்டு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று கிடக்கும். முதல் முடிச்சு ஒரு முழத்துக்குச் சற்று மேல். இரண்டாவது இரண்டரை முழத்தில். முதல் முடிச்சுக்கு எட்டாத கொடுவாவைத் திருப்பி விடுவார். இரண்டாவதைத் தாண்டியதையும் விடுவார்! அக்காவுக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிற நாள். விடியற்காலையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான கொடுவா ஒன்று மாட்டியது. வயிறு நிறையச் சினை. கரையில் நின்ற எங்களுக்கெல்லாம் எச்சில் ஊறியது. மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கயிற்றை வைத்துப் பார்த்தார், தூண்டிலைக் கழற்றினார், வாலைப் பிடித்து ஆட்டி ஆட்டி மூச்சு வரவைத்து விட்டுவிட்டார். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "சம்பந்தி வீட்டாருக்கு நான் என்னத்தை வைப்பேன்?" பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: "அது தாய். நாங்கள் பேத்தியைச் சாப்பிடுவோம்." அன்றைக்கு விருந்துக்குக் கணவாய்க் கறி. கல்யாணம் நின்றுவிடவில்லை. பெரியம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை, அது வேறு.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைகிறது. வளர்ந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிறது. பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120க்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்திருக்கச் சட்டம் விடாது. பெரியப்பாவின் இரண்டு முடிச்சும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருந்தன.

இரண்டாவது விடயத்துக்கு வந்துவிட்டேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கொட் மீனை அளவில்லாமல் அள்ளி, 1992இல் தொழிலையே மூடினார்கள். வணிகத் தொழிலை மறுபடி திறக்க 2024 வரை போனது. மெக்சிக்கோவின் கபோ புல்மோவில் மீனவக் குடும்பங்கள் தாங்களே முன்னின்று கேட்க, 1995இல் அந்தக் கடல் பாதுகாப்புப் பகுதியானது. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்கைத் தாண்டியது.

எங்களுக்குப் பவளப் பாறை சூழ்ந்த புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. ஆனால் கொடுவாக் குஞ்சு வளருவது பவளப் பாறையில் இல்லை. உவர்நீரில், கண்டல் மரங்களின் வேருக்குள். அதனால்தான் ஒரு வருடமாக ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறேன்: தம்பலகாமக் குடாவின் கண்டல் ஓரத்தில் ஒரு துண்டை வலை போடாத இடமாக விடுவோம். மீன்பிடி ஒதுக்கிடம் பிரகடனம் செய்ய இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில் வழி இருக்கிறது. எல்லைக் கம்பை நாங்களே நடலாம். வெடி போடுகிறவன் எங்கள் பிள்ளையாக இருந்தாலும் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையை வீட்டிலிருந்தே வெளியே எடுத்துப் போட வேண்டும். அந்த ஓரத்தில் யார் யார் தொழில் செய்கிறார்களோ, அவர்களைக் கேட்காமல் ஒரு கம்பும் நடக்கூடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். கடலில் எடுத்தாலும் அதே கணக்குத்தான்.

விலையைப் பற்றிச் சொல்ல வந்தேன், தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அது இன்னொரு கூட்டத்துக்கு. பெரியப்பாவின் கயிற்றை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கொப்பியும் இருக்கிறது. எந்த ஓரத்தை விடலாம், எதை விட முடியாது என்று தம்பலகாமத்தாரும் கிண்ணியாவாரும் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.