மலைப்பூண்டைத் தேடுகிறவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையோரம் நிற்கும் விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். தங்க அறை தேடி வருகிறவரும், அத்தை வீட்டுக்குப் போகிறவரும் அதே பலகையைத்தான் படிக்கிறார்கள். கூகுள் போன்ற தேடுபொறியில் தோன்றும் விளம்பரமோ, ஒருவர் தமக்கு வேண்டியதைத் தாமே தட்டிக் கேட்ட பிறகுதான் அவர் முன்னால் வருகிறது. ஆகையால், வாங்குகிறவர் எந்தச் சொல்லால் கேட்பார் என்று அறிந்துவைத்திருக்கும் வியாபாரிக்கே அது பயன்படும்.

என் சித்தி மகள் கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடுகிறார். நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். விளைச்சலை வடுகபட்டி மண்டிக்கே அனுப்பிவந்த அவர், வீடுகளுக்கு நேரடியாகக் கூரியரில் அனுப்பிப் பார்க்கலாம் என்று இணைய விளம்பரம் கொடுத்தார். பத்து நாளில் மூவாயிரம் ரூபாய் கரைந்தது. வந்தவை இரண்டே ஆர்டர்கள். கணக்கைத் திறந்து, என்னென்ன தேடல்களுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையை இருவரும் வரிவரியாகப் படித்தோம். ‘மலைப்பூண்டு பயன்கள்’, ‘பூண்டு ஊறுகாய் செய்வது எப்படி’ என்று நீண்ட பட்டியலின் நடுவே, ‘கோடை காலத்தில் பூண்டு சாப்பிடலாமா’ என்று ஒரு வரி இருந்தது. எந்தத் தேடலுக்குத் தோன்ற வேண்டும் என்று விளம்பரத்தோடு நாம் சில சொற்களைக் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்திருந்த சொல் ‘கோடை பூண்டு’. கோடை என்றால் நமக்கு நம் ஊரான கொடைக்கானல். தேடியவருக்கு அது வெயில் காலம்.

நாம் கொடுக்கும் சொற்களைத் தேடல்களோடு மூன்று வகையாகப் பொருத்தும்படி சொல்லலாம். விரிந்த பொருத்தம் என்றால், நாம் கொடுத்த சொல்லோடு பொருளில் தொடர்புடையதாக இயந்திரம் கருதும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போகும். தொடர்ப் பொருத்தத்தில் நம் தொடரின் பொருள் அந்தத் தேடலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். துல்லியப் பொருத்தத்தில் தேடலின் பொருளும் நம் சொல்லின் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது, வேண்டாத சொற்களின் பட்டியல், அதாவது இந்தச் சொற்கள் உள்ள தேடலுக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்று நாம் கொடுப்பது. ‘பயன்கள்’, ‘செய்வது எப்படி’, ‘காலத்தில்’ ஆகியவற்றை அதில் சேர்த்த பிறகு, வெறுமனே படிக்க வந்தவர்களுக்கு விளம்பரம் காட்டப்படுவது பெரிதும் குறைந்தது. விடுதி நடத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன்: 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ‘கொடைக்கானல்’ என்று தட்டுகிறவர்களில் பலர் தேடுவது இ-பாஸைத்தான், அறையை அல்ல.

அடுத்தது இடம். விளம்பரம் எந்த ஊரில் தெரிய வேண்டும் என்று கேட்கும் பகுதியில், அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமா, அந்த ஊரின்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் சேர்த்தா என்று ஒரு தெரிவு உண்டு. நாமாக மாற்றாவிட்டால் இரண்டாவதே இருக்கும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கொடைக்கானலில் அறை தேடுகிறவர் வேண்டும் என்னும் விடுதிக்காரருக்கு அது நல்லது. ஏரிச்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு அது வீண்செலவு. பூண்டை அனுப்ப நினைப்பவரோ சென்னை, கோவை என்று வாங்குகிறவர் இருக்கும் ஊர்களைக் கொடுக்க வேண்டும். என் தங்கை சொந்த ஊரையே கொடுத்திருந்தார்.

இனிப் பணம். 1998இல் கோடூ என்ற தேடுதளம், விளம்பரத்தின் மேல் விழும் ஒவ்வொரு சொடுக்குக்கும் அதிக விலை தருவதாக ஏலம் கேட்டவரை முதலில் காட்டும் ஏலத்தைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002இல் ஏலத்துக்கு மாறியபோது, விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தது. இன்று ஒவ்வொரு தேடலுக்கும் நொடிப்பொழுதில் ஓர் ஏலம் நடக்கிறது. எளிமையாக்கிச் சொல்கிறேன்: ஒருவர் ஒரு சொடுக்குக்கு 12 ரூபாய் தருவதாக ஏலம் கேட்கிறார், அவர் விளம்பரத்தின் பொருத்தத்துக்கு மதிப்பெண் 5, பெருக்கினால் 60. இன்னொருவர் 8 ரூபாய்தான் கேட்கிறார், மதிப்பெண் 9, பெருக்கினால் 72. மேலே நிற்பவர் இரண்டாமவர். அவர் 8 ரூபாயை முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. 60ஐத் தாண்டப் போதுமான அளவு, அதாவது 6 ரூபாய் 67 பைசா அளவில் கொடுத்தால் போதும். உண்மையான கணக்கில் இன்னும் பல கூறுகள் சேரும். ஆயினும், கையில் காசு குறைவாக உள்ள சிறு விவசாயி பெரிய கடையோடு ஒரே பக்கத்தில் நிற்க முடிவது இந்தப் பெருக்கலால்தான் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

2018இலிருந்து கூகுள் விளம்பரங்களைத் தமிழிலேயே கொடுக்க முடிகிறது. ஆனால் நம்மவர் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதிலும் பூண்டை ஒருவர் ஒரு விதமாக எழுதினால் இன்னொருவர் வேறு விதமாக எழுதுகிறார். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் சொற்களைக் கொடுப்பது நல்லது.

வாரம் ஒருமுறை அந்தத் தேடல் அறிக்கையைப் படிக்கத் தங்கை பழகிக்கொண்டார். அண்மையில் அதில் ‘விதைப்பூண்டு’ என்ற சொல் நான்கைந்து முறை வந்திருந்தது. சமையலுக்கு வாங்குகிறவர் இல்லையே என்று முதலில் வேண்டாத பட்டியலில் போட்டவர், இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டார். கிலோக் கணக்கில் அல்லாமல் மூட்டைக் கணக்கில் வாங்கும் விவசாயிகள் அவர்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குத் தனி விளம்பரமும், விலையும் அனுப்பும் மாதமும் எழுதிய தனிப் பக்கமும் இப்போது ஆயத்தமாகி வருகின்றன.

வணக்கம்.