பில் கேட்டால்தான் வரும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பயண அனுபவம் எதையாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, பிரமிடுகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் மெக்சிகோ சிட்டியில் இருந்தேன். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள தியோத்திவாக்கான் பிரமிடுகளுக்கு இரண்டே முறைதான் போனேன். சாப்பாட்டுக் கடைகளுக்கு எத்தனை முறை போனேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் தெரிந்ததைப் பேசிவிடுகிறேன்.

போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. அந்த ஊரில் மதியச் சாப்பாடு களைகட்டுவதே இரண்டு மணிக்கு மேல்தான். கோயோவாகான் என்ற பழைய பகுதியில் ஒரு பெரிய உணவகம். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்று, ஒருவழியாக இடம் கிடைத்துச் சாப்பிட்டோம். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பில் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. பரிமாறியவர் எங்களைக் கடந்து போகிறார், வருகிறார், சிரிக்கிறார். பில்லை மட்டும் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

நான் வளர்ந்த பழக்கம் அப்படி. நம் ஊரில் கூட்டமான மெஸ்ஸில் சாப்பிடும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். ரசம் முடிந்ததா, மோருக்கு வந்தோமா என்று நம் இலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கை நாற்காலியின் முதுகில் இருக்கும். அவர் மூச்சு பின்கழுத்தில் படாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

நாற்பது நிமிடம் பொறுத்துவிட்டு, எழுந்து போய் மேலாளரிடம் சண்டைக்கு நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் எங்களை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். மனிதர் திகைத்துப்போனார். “நீங்கள் கேட்கவே இல்லையே அம்மா” என்றார்.

கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே மரியாதைக் குறைவு. எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். சாப்பிட்டு முடித்தபின் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்குத் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: சோப்ரெமேசா. காபி வரும், பேச்சு வளரும், பாட்டி தூங்கி வழிவார், குழந்தைகள் மேசைக்கடியில் விளையாடும். வெளியே காத்திருப்பவர்களும் முகம் சுளிப்பதில்லை. உள்ளே போனால் அவர்களும் அதையேதான் செய்யப்போகிறார்கள். எழும் நேரம் வந்தால் ‘ல குவென்தா, போர் ஃபவோர்’ என்று கேட்க வேண்டும். அதன்பிறகு பில் வரும். அப்போதும் ‘அவோரிதா’ என்பார்கள். இந்த நிமிடமே என்று பொருள். நம் ஊர் ‘இதோ வந்துட்டேன்’ மாதிரிதான், கடிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அங்கே எல்லாமே இப்படி மெதுவாக நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரவு பத்து மணிக்கு நார்வார்த்தே பகுதியில் ஒரு டாக்கோ கடைக்குப் போய்ப் பாருங்கள். மெல்லிய மக்காச்சோள அடையில் இறைச்சியை வைத்து மடித்துச் சாப்பிடுவதுதான் டாக்கோ. வாசலிலேயே செங்குத்துக் கம்பியில் பன்றி இறைச்சி அடுக்கடுக்காகச் சுழன்றுகொண்டிருக்கும். காய்ந்த மிளகாய் அரைத்த விழுதில் ஊறிச் சிவந்த இறைச்சி, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் த்ரோம்போ, அதாவது பம்பரம். அந்த உச்சியில் ஓர் அன்னாசி. கடைக்காரர் நீளக் கத்தியால் இறைச்சியைச் சீவி டார்டியா என்ற அந்த அடையில் விழவைத்து, அன்னாசியிலிருந்து ஒரு சில்லைச் சுண்டிவிடுவார். அது பறந்து வந்து டாக்கோவின் நடுவில் விழும். நான் பார்த்தவரை குறி தப்பியதில்லை. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் பேரப்பிள்ளை இது. ஆட்டிறைச்சி போய்ப் பன்றி வந்தது, ரொட்டி போய்ச் சோளம் வந்தது, இந்த டாக்கோவின் பெயர் மட்டும் இன்னும் ‘ஆடு மேய்ப்பர் பாணி’.

டார்டியா என்று நான் சொல்வதைத்தான் நம் ஊர் மெனு கார்டில் டார்ட்டில்லா என்று எழுதியிருப்பார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைத்த மாவில் தட்டுவது. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அதைச் சுட்டெடுக்கும் கொமால் என்ற தட்டையான கல்லைப் பார்த்தால் தோசைக்கல்லை விட்டுவிட்டு வந்த ஏக்கம் கொஞ்சம் தீரும்.

அந்தக் கடையில் பில்லே கிடையாது. ‘கோன் தோதோ?’ என்று ஒரே கேள்வி. வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடவா என்று அர்த்தம். பிளாஸ்டிக் தட்டுக்கு மெல்லிய பாலித்தீன் பையை உறை மாதிரி மாட்டித் தருவார்கள். சாப்பிட்டதும் பையை உருவி எறிந்தால் அடுத்த ஆளுக்குத் தட்டு தயார். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கப் போனால் “எத்தனை?” என்று நம்மையே கேட்பார். அந்த நெரிசலில் யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று அவர் குறித்து வைப்பதில்லை. நாம் சொல்வதுதான் கணக்கு. முதல் நாள் ஐந்தா ஆறா என்று எனக்கே சந்தேகம் வந்து, ஆறுக்குக் கொடுத்தேன்.

அங்கே பரிமாறுபவரை ‘ஹோவென்’ என்று கூப்பிட வேண்டும். இளைஞரே என்று பொருள். அவருக்கு அறுபது வயதிருக்கலாம், மீசை நரைத்திருக்கலாம், ஆனாலும் ஹோவென்தான். பதிலுக்குச் சந்தைக் கடைகளில் பெண்களை ‘குவெரீத்தா’ என்பார்கள். வெள்ளைத் தோல் பெண்ணே என்று பொருள்! என் நிறத்தில் ஒருத்தியை வாழ்நாளில் வேறெங்கும் அப்படி யாரும் அழைத்ததில்லை. முதல் முறை யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

மிளகாய் விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் இரண்டு கிண்ணங்கள், ஒன்றில் சிவப்புச் சல்சா, மற்றதில் வெளிர்பச்சை. சிவப்புதான் காரம் என்று முடிவுகட்டி, அவகாடோ பழச் சட்னி என்று நினைத்துப் பச்சையை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டேன். ‘பிக்கா’, அதாவது காரம், என்று பக்கத்தில் நின்றவர் எச்சரித்தார். நான் தமிழ்நாட்டுக்காரி, ஆந்திர ஊறுகாயையே பார்த்தவள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த ஐந்து நிமிடம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கடைக்காரர் பேசாமல் உப்பும் எலுமிச்சையும் நீட்டினார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து நமக்கு மிளகாய் அறிமுகமாகி 500 ஆண்டுகள்தான் ஆகின்றன. மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிர் செய்கிறார்கள். நாம் அதற்குத் தனிப்பெயர்கூட வைக்கவில்லை, மிளகோடு காயைச் சேர்த்துச் சமாளித்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் சைவம். அவரோடு சாப்பிடப் போவது தனிக் கலை. கறி வேண்டாம் என்றால் கோழி வந்தது. கோழி கறியில் சேராது என்று பரிமாறியவர் உண்மையாகவே நம்பினார். பீன்ஸ் மசியலைப் பாதி சாப்பிட்டபிறகு அது பன்றிக் கொழுப்பில் வதக்கியது என்று தெரிந்தது. சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருந்தார்கள். மனிதர் இரண்டு நாள் வெறும் வாழைப்பழத்தில் காலம் தள்ளினார். அப்புறம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கற்றுக்கொண்டோம். பூசணிப்பூ வைத்து டார்டியாவை மடித்துச் சுட்ட கேசடியா, மக்காச்சோளத்தில் வரும் கறுப்புப் பூஞ்சை, கள்ளிப் பொரியல் என்று அவர் ராஜாவாகச் சாப்பிட்டார். ஆமாம், கள்ளிதான். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் உறவுக்காரச் செடி. முள்ளைச் சீவிவிட்டு வதக்கினால் வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும். கேசடியா என்ற சொல்லிலேயே பாலாடைக்கட்டி இருக்கிறது, ஆனால் தலைநகரில் ‘கட்டி போடவா, வேண்டாமா’ என்று கேட்பார்கள். இதைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் மட்டும் பேச்செடுக்காதீர்கள், சண்டை முற்றிவிடும்.

சான் ரஃபேல் பகுதியில் எல் கலிஃபா தே லியோன் என்றொரு டாக்கோ கடை இருக்கிறது. 1968 முதல் நடக்கிறது. பத்தடிக்குப் பத்தடி இடம், நான்கே வகை டாக்கோ. 2024 மே மாதம் அதற்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. நானும் போய் வரிசையில் நின்றேன். மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எலுமிச்சை, சுடச்சுட டார்டியா, வேறொன்றும் இல்லை. உட்கார நாற்காலி கிடையாது. கல்லின் அனலில் எல்லோருக்கும் வியர்த்தது. உலகமே பேசும் கடையில் சாப்பிடுகிறோம் என்ற பெருமையை அனுபவிக்கவிடாமல் பக்கத்தில் நின்றவரின் முழங்கை என் விலாவில் இடித்தது. டாக்கோ பிரமாதம். ஆனால் என்னைக் கேட்டால் நார்வார்த்தே பம்பரத்துக்குத்தான் ஓட்டு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஊரில் சாப்பிட்டு எழுந்து போகிறவர், மற்ற மேசைகளைக் கடக்கும்போது ‘ப்ரோவேச்சோ’ என்று சொல்லிவிட்டுப் போவார். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்கிற மாதிரி ஒரு வாழ்த்து. முன்பின் தெரியாதவர்களிடம்தான் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் எனக்கும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பிய வாரம் ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். பின்னால் வழக்கம்போல் ஒருவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சாப்பிட்டு எழும்போது எதிரில் இருந்த பெரியவரிடம், பழக்கதோஷத்தில், “நல்லா சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பரிமாறுபவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, “தம்பி, இந்த அம்மாவுக்கு இன்னும் ஏதோ வேணுமாம், என்னன்னு கேளு” என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாயிற்று.

வணக்கம்.