கிண்ணம் மாறினால்தான் ராமென் தெரியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ராமென் கடையில் நிறைவு தருவது பழகிய ஒரே கிண்ணமா, புதிது புதிதாகச் சுவைப்பதா?" ராமென் என்பது சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஜப்பானிய உணவு. அதில் நிறைவு தருவது புதிது புதிதாகச் சுவைப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் மனசைத் தொடுகிற மாதிரிப் பேசினார். "பத்து வருடமாக ஒரே கடை, பன்றி எலும்புச் சூப்பில் ஒரே டோன்கோட்சு. நான் போய் உட்கார்ந்தாலே என் பக்குவம் கடைக்காரருக்குத் தெரியும்" என்றார். அந்த உறவு பெரிது. ஆனால் தெற்கு ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்து ஹகாட்டா பாணியில் அவர் சாப்பிடும் கிண்ணத்தின் அருமை, அதை மட்டுமே சாப்பிடுகிற வரைக்கும் அவருக்கே முழுசாகத் தெரியாது. இதுதான் என் வாதம்.

பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பால் போல வெளுத்த சூப். அதில் நூல் நூலாக நூடுல்ஸ். ஏன் அவ்வளவு மெல்லிசு? ஃபுகுவோகாவின் நகஹாமா மீன் சந்தையில் வேலை செய்தவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை; சட்டென்று வேக வேண்டும். மெல்லிசு என்பதால் சீக்கிரம் ஊறிக் குழைந்தும் போகும். அதனால் அளவாகப் போட்டுக்கொண்டு, தீர்ந்ததும் "கயெடாமா" என்று கேட்டு நூடுல்ஸை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்படியே வடக்கே சப்போரோவுக்கு வாருங்கள். 1950களில், புளிக்கவைத்த சோயா விழுதான மிசோ சேர்த்த ராமென் பிறந்த ஊர். அங்கே ஒரு குளிர்கால ராத்திரி என் முன்னால் கிண்ணம் வந்தது. ஆவியே காணோம். ஆறிவிட்டது என்று நினைத்துக் கரண்டியை வாயில் வைத்தேன், நாக்கு சுட்டுவிட்டது! மேலே பன்றிக்கொழுப்பு படலமாக நின்று, சூட்டை உள்ளேயே மூடி வைத்திருக்கிறது. நூடுல்ஸும் தடிமன், மஞ்சள், சுருள் சுருள். மிசோ அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒன்று அவசரத்துக்குப் பிறந்தது, இன்னொன்று பனிக்கு. இதை நான் ஹகாட்டாவில் கற்கவில்லை, சப்போரோவில்தான் கற்றேன்.

"வேறு வேறு கேட்பது சமையல்காரரின் உழைப்பை மதிக்காதது" என்றும் சொன்னார். சரி, நூடுல்ஸைத் தனியாகத் தந்து சூப்பில் தொட்டுச் சாப்பிடும் ட்சுகெமென் எப்படி வந்தது? கடைக்காரர்கள் மிச்ச நூடுல்ஸைச் சூப்பில் தொட்டுச் சாப்பிடுவதை வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். "எங்களுக்கும் கொடுங்கள்" என்றார்கள். 1955இல் டோக்கியோவின் நகானோவில் யமகிஷி கசுவோ என்ற சமையல்காரர் அதைக் கடைப் பட்டியலில் ஏற்றினார். புதிதாகக் கேட்ட வாய்கள்தான் அந்த உணவைக் கொண்டுவந்தன, நடுவர் அவர்களே!

இறைச்சி தொடாதவர்கள் இந்த அவையில் நிறையப் பேர். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் என்ற கடை இருக்கிறது. இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாமல், எள் மணக்கிற சூப். தேடிப்போய்ச் சாப்பிட்டால் அவர்களுக்கும் இடமுண்டு.

"வயிறு ஒன்றுதானே?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. அதற்கு ஜப்பானியர்களே வழி செய்துவிட்டார்கள். 1994இல் திறந்த ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகத்தில், 1958ஆம் வருடத்துத் தெரு மாதிரி அமைத்த நிலத்தடித் தளங்களில், வெவ்வேறு ஊர்க் கடைகள். அங்கே பல ருசி பார்க்க வருகிறவர்களுக்காகவே சின்னக் கிண்ணத்தில் ராமென் தருகிறார்கள்.

நண்பரே, இந்தச் சனிக்கிழமை என்னோடு வாருங்கள். மூன்று சின்னக் கிண்ணம், செலவு என்னுடையது. முதல் கிண்ணம் உங்கள் ஹகாட்டா வேண்டாம். அதைக் கடைசியில் சாப்பிடுங்கள். அப்புறம் நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.