ஓசிக் குடை

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, வணக்கம். ஏகபோக வியாபாரத்தை அடக்குவது மக்கள் ஆதரவா, சட்டமா என்பது தலைப்பு. மக்கள் ஆதரவே போதும் என்று முழங்கிய எதிரணி அண்ணாச்சி, வ.உ.சி.யைச் சாட்சிக்கு இழுத்தார். ரொம்ப நன்றி. என் சாட்சியும் அவர்தான்.

1906-ல் அவருடைய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கப்பல் கம்பெனி பிறந்தது. பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு வழியைத் தன் பிடியில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி உடனே கட்டணத்தை இறக்கியது. இவர்கள் இறக்கினால் அவர்கள் இன்னும் இறக்கினார்கள். கடைசியில் ஓசியிலேயே ஏற்றி, ஏறினவர் கையில் ஒரு குடையையும் கொடுத்தார்களாம். நம்ம பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் குடைக்குக் காசு ஏது? பல கடல்களில் கப்பல் விட்ட கம்பெனி அது. ஒரு வழியில் நஷ்டம் வந்தால் தாங்கும். காலியா, லாவோ என்று இரண்டு கப்பலை நம்பி இருந்தவர் எத்தனை நாள் தாங்குவார்?

மக்கள் ஆதரவுக்குக் குறைச்சலா? 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் இதே திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போயிற்று. இதற்கு மேல் என்ன ஆதரவு வேண்டும் அண்ணாச்சி? ஆனாலும் 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள்.

அதே 1911-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? எண்ணெய் வியாபாரத்தை வளைத்து வைத்திருந்த ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை 34 துண்டாக உடைக்க வைத்தது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம். அதன் கையில் 1890-லேயே வந்த ஷெர்மன் சட்டம் என்கிற ஏகபோகத் தடுப்புச் சட்டம் இருந்தது.

"வ.உ.சி.யை ஜெயிலில் போட்டதும் சட்டம்தானே?" என்று அங்கே முணுமுணுப்பு கேட்கிறது. ஆமாம், ராஜத்துரோகச் சட்டம். இருக்கக் கூடாத சட்டம் இருந்தது, இருந்திருக்க வேண்டிய சட்டம் இல்லாமல் போயிற்று. அதைத்தானே நானும் சொல்கிறேன்!

நமக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டம் வர 1969 ஆயிற்று. அது கம்பெனியின் உருவத்தைத்தான் அதிகம் அளந்தது. 2002-ன் போட்டிச் சட்டம் நடத்தையைப் பார்க்கிறது. பெரிய கம்பெனியாக இருப்பது குற்றமில்லை. சந்தையை ஆள்கிறவன், எதிரியை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்றால் குற்றம். குடை கொடுத்தவர்களை அப்படியே அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லை? மெதுவாகத்தான் நகரும், சரி. ஆனாலும் 2022-ல் கூகுளுக்கே 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது போட்டி ஆணையம். நீங்களும் நானும் தெருவில் நின்று கோஷம் போட்டால் கூகுள் திரும்பிப் பார்க்குமா?

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணிக்கு ஒரே கேள்வி: செல்போனில் பாதி விலைக்குச் சாமான் கிடைக்கும்போது, தெருமுனைக் கடைக்காரருக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.